ஃபார்மட் அடிப்பதற்கு முன்

நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருப்பவர் அவர். பூ மழை பெய்து பத்து நாள் கழிந்து, செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து நின்ற ஏப்ரல் வாரம். லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, உரச் சாக்குக்குள் வைத்து, பைக் டேங்கின் மேல் அணைத்துப் பிடித்தபடி ஏற்காடு டவுனுக்கு வந்து சேர்ந்தார்.

"தம்பி, கீழ சேலத்துல காட்டினேன். ஃபார்மட் அடிச்சாத்தான் வரும்னுட்டாங்க. வச்சுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்கிக்கலாம்னாங்க. எனக்கு மனசு ஒப்பல. ஆறு வருஷத்துச் செக்ரோல் இதுலதான் இருக்கு."

செக்ரோல் என்பது தோட்டத்தின் பேரேடு. யார் எந்த நாள் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ பழம் பறித்தார், என்ன கூலி, எவ்வளவு முன்பணம் எல்லாம் அதில் இருக்கும். அது போனால் ரைட்டருக்கு மட்டும் கஷ்டமில்லை. தன் கணக்கைத் தான் எழுதி வைத்துக்கொள்ளாத ஒவ்வொரு ஆளுக்கும் கஷ்டம். அவர் லேப்டாப்பைக் கடையில் விட்டுவிட்டு வராமல் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறித் திரும்பக் கொண்டுவந்தாரே, அந்தத் தயக்கம்தான் கோப்புகளைக் காப்பாற்றியது. இந்த அத்தியாயம் முழுக்க அந்தத் தயக்கத்தை எப்படி வேலையாக மாற்றுவது என்பதைப் பற்றியது.

விண்டோஸ் கெட்டுப்போவது வேறு, கோப்புகள் கெட்டுப்போவது வேறு. காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் நின்றுபோனால் குடோனில் அடுக்கியிருக்கும் பார்ச்மென்ட் காபி மூட்டை கெடுவதில்லை. அதே மாதிரிதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்குப் பிழையான ஓர் அப்டேட் போய், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பார்ப்பதற்கு எல்லாம் செத்த கணினிகள். ஆனால் கணினியைச் சேஃப் மோடில் திறந்து ஒரே ஒரு கோப்பை நீக்கியதும் எழுந்துகொண்டன. உள்ளே இருந்த எதுவும் போகவில்லை. அன்று யாராவது அவசரப்பட்டு ஃபார்மட் அடித்திருந்தால், போனது அந்த அப்டேட்டால் போனதாக இருக்காது.

நம் ஊரிலும் கோப்புகள் பெரும்பாலும் சாவது பழுதால் அல்ல, பழுதுக்குப் பின் நாம் செய்கிற முதல் காரியத்தால்.

கண்ணால் பார், காதால் கேள்

ஆன் ஆகாத லேப்டாப்பைத் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். ஒரு முறை ஆன் செய்து, என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் கவனித்து, ஒரு தாளில் எழுதுங்கள். திரையில் வரும் எழுத்தை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள்.

லைட்டே எரியவில்லையா? அது மின்சாரப் பழுது. சேர்வராயன் மலையில் ஏப்ரல், மே மாத இடிமழைக்குப் பிறகு வருகிற லேப்டாப்களில் இந்த ரகம் நிறைய. சார்ஜர் போயிருக்கலாம், சார்ஜ் ஏறும் பகுதி போயிருக்கலாம், போர்டே போயிருக்கலாம். அப்படியும் கோப்புகள் இருக்கும் டிஸ்க் பெரும்பாலும் தப்பித்திருக்கும். வேறு சார்ஜர் போட்டுப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு மாட்டிப் பாருங்கள். வரவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றுகிற வழிக்குப் போக வேண்டும். அது பின்னால் வருகிறது.

ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு என்றால் வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ ஒயரைப் போட்டுப் பாருங்கள். லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, திரை மட்டும் போயிருப்பது அரிதில்லை. அப்படியானால் டிவியிலேயே பார்த்துக்கொண்டு கோப்புகளை எடுத்துவிடலாம், விண்டோஸ் போடும் பேச்சே இல்லை.

நீலத் திரை, அல்லது 'ப்ரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று வந்து சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருவது, இதுதான் விண்டோஸ் பழுது. ரைட்டருடைய லேப்டாப்புக்கு இதுதான். டிஸ்க் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: டிஸ்க் செத்திருக்கும், அல்லது அதன் இணைப்பு தளர்ந்திருக்கும். மலைப்பாதையில் பைக்கிலும் ஜீப்பிலும் தினம் குலுங்குகிற லேப்டாப்பில் இரண்டாவதும் நடக்கிறது. கழற்றி மாட்டினாலே எழுந்துகொண்ட லேப்டாப்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசி ரகம், காதால் கேட்க வேண்டியது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப்பைக் காதருகே வைத்தால் 'டிக்... டிக்... டிக்' என்று ஒரே சீராகச் சத்தம் வருகிறதா? உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே தகட்டின் மேல் மிதந்து படிக்க வேண்டிய ஹெட் படிக்க முடியாமல் திண்டாடுகிற சத்தம் அது. ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் தகட்டைச் சுரண்டக்கூடும். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று இன்னும் சொல்கிறார்கள். வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்து, இருக்கிற வாய்ப்பும் போய்விடும். தூசி இல்லாத அறையில் வைத்துப் பிரிக்கிற ஆய்வகங்கள் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் இருக்கின்றன. கோப்புகள் அந்தச் செலவுக்குத் தகுமா என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். தகும் என்றால், வேறு யாரும் திறக்காமல் நேராக அங்கே போக வேண்டும்.

ஈரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பனிமூட்டத்தில் வந்த லேப்டாப்பைச் சூடான அறைக்குள் கொண்டுவந்த கையோடு ஆன் செய்யாதீர்கள். பைக்குள்ளேயே ஒரு மணி நேரம் இருக்கட்டும். மழையில் நனைந்ததென்றால் முழுவதும் காயும் வரை மின்சாரமே காட்டக் கூடாது. "மலை உயரத்தில் ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் போகுமா?" என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். போகாது. சாதாரண ஹார்ட் டிஸ்க்குகளை ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரம் வரை ஓட்டலாம் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். ஏற்காடு அதில் பாதி உயரம்தான். இங்கே கெடுப்பது உயரமல்ல, ஈரமும் இடியும் அடிக்கடி போய் வருகிற கரன்ட்டும்.

பூட்டு

கோப்புகளைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்: டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா? அண்மை வருடங்களில் வந்த பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்த அன்றே பிட்லாக்கர் தானாக டிஸ்க்கைப் பூட்டிவிடுகிறது. உரிமையாளருக்கே தெரியாது. லேப்டாப் நன்றாக ஓடும் வரை தெரிய வேண்டிய தேவையும் வராது. பழுது பார்க்கப் போகிற நாளில்தான் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நீலத் திரை வரும்.

அந்தச் சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கிறது. ஃபோனில் உலாவியைத் திறந்து, லேப்டாப்பில் பயன்படுத்திய அதே மின்னஞ்சலில் உள்ளே நுழைந்து, 'டிவைசஸ்' பகுதியில் உங்கள் லேப்டாப்பின் பெயருக்குக் கீழே பாருங்கள். திரையில் தெரியும் கீ அடையாள எண்ணும் அங்கே இருப்பதும் ஒன்றா என்று ஒப்பிட்டு, 48 இலக்கத்தையும் தாளில் எழுதுங்கள். லேப்டாப் வாங்கிய அன்று கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டு அமைத்துக் கொடுத்திருந்தால், சாவி அவர் கணக்கில் இருக்கும். பழைய பில்லைத் தேடி அவரைப் பிடியுங்கள். அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் அலுவலகத்தில் கேளுங்கள்.

சாவி இல்லாவிட்டால் யாராலும் திறக்க முடியாது. 'நான் திறந்து தருகிறேன்' என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

நோட்பேட் வழி

ரைட்டருடைய லேப்டாப்புக்கு நான் செய்தது இதுதான். லினக்ஸ் வேண்டாம், ஸ்குரு டிரைவர் வேண்டாம், காலியான ஒரு வெளி டிஸ்க் மட்டும் போதும்.

ஆட்டோமேட்டிக் ரிப்பேர் தோற்றுப்போய் நிற்கிற திரையில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதில் 'ட்ரபிள்ஷூட்', மறுபடி 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதில் 'கமாண்ட் ப்ராம்ப்ட்'. கறுப்புப் பெட்டி வந்ததும் நோட்பேட் என்ற ஒரே சொல்லை ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன். கீழே டெக்ஸ்ட் கோப்புகள் மட்டும் என்று இருப்பதை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள். இப்போது உங்கள் முன்னால் இருப்பது சாதாரண ஓப்பன் பெட்டியே ஆனாலும், அதற்குள் ரைட் கிளிக் வேலை செய்யும். காப்பி செய்யலாம், வெளி டிஸ்க்கில் பேஸ்ட் செய்யலாம். இவ்வளவுதான்.

டிரைவ் எழுத்துகள் இங்கே மாறியிருக்கும். வழக்கமான சி டிரைவ் டி என்று தெரியலாம். பயப்படாமல் ஒவ்வொன்றாகத் திறந்து, 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டர் எதில் இருக்கிறதென்று பாருங்கள். அதற்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும்.

பேஸ்ட் கொடுத்ததும் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். எவ்வளவு ஆயிற்று என்று காட்டும் பச்சைக் கோடு வராது, பெட்டி உறைந்து நிற்கும், மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்றுகூட எழுதும். ரைட்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று, "நின்னு போச்சா தம்பி?" என்று மூன்று முறை கேட்டார். வெளி டிஸ்க்கின் சின்ன நீல விளக்கைக் காட்டினேன். அது மின்னிக்கொண்டே இருந்தது. அது மின்னுகிற வரை காப்பி ஆகிறது, கை வைக்கக் கூடாது. பழைய யுஎஸ்பி 2 துளையில் 100 ஜிபி போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். நீல நிறத் துளை இருந்தால் அதில் போடுங்கள், இன்னும் வேகம். ஒரே தடவையில் எல்லாவற்றையும் எடுக்காமல் ஒவ்வொரு ஃபோல்டராக எடுங்கள். எங்காவது நின்றால் எங்கே நின்றதென்று தெரியும்.

சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும், பேட்டரியும் இருக்க வேண்டும். பேட்டரி செத்த லேப்டாப்பை மழை நாளில் நேராக பிளக்கில் போட்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள்; இன்வெர்ட்டரோ யுபிஎஸ்ஸோ இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

பென்டிரைவ் வழி

ரிப்பேர் திரையே வராதபோது லினக்ஸ் பென்டிரைவ். கணினியின் டிஸ்க்கைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே ஒரு முழு இயங்குதளம் ஓடும். அதில் உட்கார்ந்து விண்டோஸ் டிஸ்க்கைத் திறந்து பார்க்கலாம். லினக்ஸ் மின்ட் போதும். அதன் கோப்பு சுமார் 3 ஜிபி, உபுன்டு அதைப்போல் இரண்டு மடங்கு. வெள்ளக்கடை, செம்மநத்தம் பக்கமெல்லாம் ஃபோன் டவரை நம்பி இதை இறக்க உட்காராதீர்கள். கீழே சேலத்தில் நல்ல இணைப்பு உள்ள இடத்தில் இறக்கி, வேறொரு நல்ல கணினியில் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் எழுதிக்கொண்டு வாருங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும் என்பதால் காலியானதையே எடுங்கள். இது ஒரு முறை செய்து அலமாரியில் வைத்துக்கொள்ள வேண்டிய பொருள், டார்ச் லைட்டு மாதிரி.

பென்டிரைவை மாட்டி, பவர் பட்டனை அழுத்தியதும் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அல்லது எஃப்9. ஆசுஸில் எஸ்கேப் அல்லது எஃப்8. பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். மின்ட் நேராக மேசைத் திரைக்கு வந்துவிடும். அங்கே 'இன்ஸ்டால்' என்று ஒரு சின்னம் இருக்கும். அதைத் தொடவே கூடாது. உபுன்டுவில் 'ட்ரை' என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். 'இன்ஸ்டால்' என்ற அந்த ஒரு கிளிக்கில்தான் மீட்பு வேலை அழிப்பு வேலையாக மாறும்.

கோப்பு மேலாளரில் விண்டோஸ் டிஸ்க் அதன் அளவோடு தெரியும். பூட்டப்பட்டிருந்தால் திறக்கும்போது சாவி கேட்கும், எழுதி வைத்த 48 இலக்கத்தை இடைக்கோடுகளோடு இடுங்கள். விண்டோஸ் சரியாக அணையாமல் நின்றிருந்தால், டிஸ்க் 'படிக்க மட்டும்' என்ற நிலையில் திறக்கும். அது நமக்கு நல்லதே, தவறியும் எதையும் அழிக்க முடியாது. திறக்கவே மறுத்தால் 'ரிப்பேர்', 'ஃபிக்ஸ்' என்று எது கேட்டாலும் சம்மதிக்காதீர்கள். பழுது பார்ப்பது என்றால் டிஸ்க்கில் எழுதுவது. கோப்புகள் வெளியே வரும் வரை அதில் எதுவும் எழுதக் கூடாது. விண்டோஸின் செக்டிஸ்க்குக்கும் இதுவே பொருந்தும். தள்ளாடுகிற டிஸ்க்கில் அதை ஓட்டி இருந்ததையும் தொலைத்தவர்கள் உண்டு.

டிஸ்க்கே தெரியவில்லையா? செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். சில லேப்டாப்களில் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் டிஸ்க் இணைப்பு முறையை இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று வைத்திருப்பார்கள். அந்த நிலையில் லினக்ஸுக்கு டிஸ்க் கண்ணில் படாமல் போகும். பயாஸில் அதை ஏஎச்சிஐ என்று மாற்றி, கோப்புகளை எடுத்தபின் பழையபடி வையுங்கள். விண்டோஸ் 11 போடும்போதும் இதே குழப்பம் வரும்: டிஸ்க்கே இல்லை என்று திரை சொல்லும், உண்மையில் அதற்கு இன்டெல் டிரைவர் ஒன்று கொடுக்க வேண்டியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிற எஸ்எஸ்டியைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கச் சொன்ன கதையை நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன்.

டிஸ்க்கைக் கழற்றினால்

போர்டு போன லேப்டாப்புக்கு இதுதான் வழி. பின்பக்க ஸ்குருக்களைக் கழற்றுங்கள், பேட்டரி இணைப்பை முதலில் பிடுங்குங்கள். உள்ளே உள்ளங்கை அளவுக்குச் சப்பையான பெட்டி இருந்தால் அது சாட்டா டிஸ்க். அதற்கான யுஎஸ்பி உறை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சூயிங்கம் பட்டை மாதிரி நீளமாக, ஒரு முனையில் ஒரே ஸ்குருவில் நிற்பது எம்.2. அதில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை; உறை வாங்கும்போது டிஸ்க்கையே கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். விலை மலிவான சில லேப்டாப்களிலும் புதிய மேக்புக்குகளிலும் சேமிப்புச் சில்லு போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே போர்டு பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும், போர்டை மாற்றினால் கோப்புகளும் அதோடு போய்விடும் என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

டிஸ்க் சத்தமில்லாமல், ஆனால் அங்கங்கே தடுக்கித் தடுக்கிப் படித்தால் கோப்பு கோப்பாக இழுக்காமல் டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவியால் முழு டிஸ்க்கையும் ஒரே படிமமாக வேறு பெரிய டிஸ்க்கில் எடுங்கள். எளிதாகப் படிக்க முடிகிற இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே விட்டது என்று குறிப்பும் வைத்துக்கொள்ளும், கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிறகு அந்தப் படிமத்தின் மேல் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற மீட்புக் கருவிகளை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம், அசலுக்கு வலிக்காது.

ஏற்கெனவே ஃபார்மட் அடித்துவிட்டு வருகிறவர்களுக்கு: பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் மேலே எதுவும் எழுதாத வரை நம்பிக்கை இருக்கிறது. எஸ்எஸ்டி என்றால் ட்ரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தைப் பின்னணியில் உண்மையாகவே காலி செய்துவிடுகிறது. அதனால்தான் இந்த அத்தியாயத்தின் தலைப்பில் 'முன்' என்ற சொல் இருக்கிறது.

எதையெல்லாம் எடுப்பது

எப்படி எடுப்பது என்பதைவிட இது பெரிய விஷயம். ஒரு தவறை என் வாழ்க்கையிலிருந்து சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன், ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர் தன் லேப்டாப்பைக் கொடுத்து, "சி டிரைவ்ல ஒண்ணுமில்லப்பா, எல்லாம் டி-லதான் போட்டிருக்கேன். சி மட்டும் அடிச்சுடு" என்றார். நானும் டி டிரைவைத் திறந்து பார்த்தேன், ஃபோல்டர்கள் இருந்தன, அடித்தேன். இந்த மலையின் பழங்குடியினரான மலையாளி மக்கள் கோயில் திருவிழாவில் பாடுகிற பாட்டுகளை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்து வைத்திருந்தார். அவை டெஸ்க்டாப்பில் இருந்தன. கண்ணுக்கு முன்னாலேயே இருந்ததால் அது தனி இடம் என்று நினைத்திருக்கிறார். டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் இருக்கிற ஒரு ஃபோல்டர். நான் கேட்டிருக்க வேண்டும், திறந்து காட்டியிருக்க வேண்டும். பாடியவர்களில் ஒரு பாட்டி அதற்குள் இறந்துபோயிருந்தார்.

அன்றிலிருந்து 'எது வேண்டும்?' என்று கேட்பதில்லை. யூசர்ஸ் ஃபோல்டரை முழுவதுமாக எடுத்துவிடுகிறேன். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. மறைந்து கிடக்கிற 'ஆப்டேட்டா'வும் அதற்குள்தான். உலாவியின் புக்மார்க்குகள், சில மென்பொருள்களின் அமைப்புகள் எல்லாம் அதில். அதற்கு அப்பால் சி டிரைவின் வேரில் யாராவது தனியாகப் போட்ட ஃபோல்டர்களும் உண்டு, விண்டோஸ், ப்ரோகிராம் ஃபைல்ஸ் தவிர எது இருந்தாலும் எடுங்கள்.

டேலி ஓட்டுகிறவர்கள் கணக்குகள் எங்கே இருக்கின்றன என்று பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். கம்பெனி பெயரில் ஃபோல்டர் இருக்காது. வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் 'டேட்டா' என்ற ஒன்றுக்குள் இருக்கும். பழைய பதிப்புகளில் டேலி நிறுவிய ஃபோல்டருக்குள்ளேயே, புதியதில் பெரும்பாலும் யூசர்ஸுக்குள் பப்ளிக் ஃபோல்டரில். எண் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். அவுட்லுக் வைத்திருந்தால் பிஎஸ்டி என்று முடியும் கோப்பைத் தேடி எடுங்கள், பல வருட மின்னஞ்சல் ஒரே கோப்பில் இருக்கும்.

ஒன்டிரைவ் இருந்தால் கொஞ்சம் கவனம். டெஸ்க்டாப் ஃபோல்டரைத் திறந்தால் காலியாக இருக்கும், நெஞ்சு அடைக்கும். உண்மையில் அது ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் நகர்ந்திருக்கும். அங்கேயும் சில கோப்புகள் பெயருக்கு மட்டும் இருக்கும், உள்ளடக்கம் இணையத்தில்தான். லினக்ஸில் அவை காப்பி ஆகாது. ஃபோனில் ஒன்டிரைவைத் திறந்து, அவை அங்கே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நம் மொழிக்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி, ஆங்கில வழிகாட்டிகளில் பெரும்பாலும் இருக்காது: எழுத்துருக்கள். யூனிகோடு வருவதற்கு முன்பும், வந்த பின்பும்கூட, தமிழ்க் கோப்புகள் பாமினியிலும் வானவில்லிலும் இன்னும் பல எழுத்துருக்களிலும் தட்டப்பட்டிருக்கின்றன. ஊராட்சி மனுக்கள், பள்ளி ஆண்டு மலர், கல்யாணப் பத்திரிகை, கோயில் வரவு செலவு எல்லாம். அந்தக் கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எழுத்துரு இருந்தால்தான் அவை தமிழாகத் தெரியும். விண்டோஸை அடித்தால் கோப்பு பத்திரமாக இருக்கும், எழுத்துரு போய்விடும், திறந்தால் கிறுக்கலாகத் தெரியும், 'வைரஸ் தின்றுவிட்டது' என்று அழித்துவிடுவார்கள். எனவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' என்ற ஃபோல்டரை அப்படியே எடுங்கள். ஆப்டேட்டாவுக்குள்ளும் ஒரு ஃபான்ட்ஸ் ஃபோல்டர் இருக்கலாம். யூசர்ஸை முழுதாக எடுத்திருந்தால் அது வந்திருக்கும். தட்டச்சுக்கு எந்த மென்பொருள், எந்த விசைப்பலகை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் ரைட்டர் 'அழகி' என்ற மென்பொருளை வைத்திருந்தார். வேறு யாராவது 'என்எச்எம் ரைட்டர்' என்ற மென்பொருளை வைத்திருப்பார்கள்.

வெளி டிஸ்க் எந்த வடிவத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்றுக்கொள்ளாது. கல்யாண வீடியோவும் பெரிய பிஎஸ்டி-யும் அங்கேதான் சிக்கும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் என்றால் சிக்கல் இல்லை.

வந்துவிட்டதா என்று பார்த்தல்

காப்பி முடிந்தது என்றால் கோப்புகள் வந்துவிட்டன என்று அர்த்தமில்லை. வெளி டிஸ்க்கை முறையாக 'இஜெக்ட்' செய்து, வேறொரு கணினியில் மாட்டுங்கள். ஃபோல்டர் அளவு ஒத்துப்போகிறதா பாருங்கள். பிறகு திறந்து பாருங்கள்: இருப்பதிலேயே பழைய எக்செல் ஒன்று, நேற்றைய எக்செல் ஒன்று, பெரிய வீடியோவின் கடைசி நிமிடம், நாலைந்து புகைப்படம். திறக்க வேண்டியவர் உரிமையாளர்தான். எது இருக்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். ரைட்டர் போன நவம்பர் பழப்பறிப்பு மாதத்தைத் திறந்து, பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டுக் கீழே வரை போனார். "இருக்கு" என்றார். பிறகு ஜனவரியைத் திறந்தார்.

அதன்பின் இரண்டாவது பிரதி ஒன்று வேறு பென்டிரைவிலோ வேறு டிஸ்க்கிலோ எடுங்கள். மீட்ட கோப்புகள் ஒரே இடத்தில் இருக்கும்போது அசலை அழிக்கக் கூடாது.

இனி அடிக்கலாம்

உண்மையில் அடிக்கத்தான் வேண்டுமா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். ரிப்பேர் திரையிலேயே 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்', 'சிஸ்டம் ரீஸ்டோர்' இருக்கின்றன. கோப்புகள் கையில் இருக்கிற தைரியத்தில் இவற்றை முயன்று பார்க்கலாம். 'ரீசெட் திஸ் பிசி'யில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்று தேர்ந்தெடுத்தால் யூசர்ஸில் உள்ளவை நிற்கும், மென்பொருள்கள் போய்விடும். அதை நம்பி மீட்பைத் தவிர்க்காதீர்கள், நடுவில் கரன்ட் போனால் என்ன ஆகும் என்று யாரும் உறுதி தர முடியாது.

புதிதாகவே போடுவதென்றால் முதலில் மீட்ட கோப்புகள் உள்ள மீட்பு டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். விண்டோஸ் போடும் திரையில் டிஸ்க்குகள் எண்களாகத்தான் தெரியும், தவறான எண்ணை அழிப்பதற்கு ஒரு நொடி போதும். ஃபார்மட் செய்யாமல் பழைய பகுதியின் மேலேயே போட்டால் பழையது 'விண்டோஸ் ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குள் போகும். அதைச் சேமிப்புக் கிடங்காக நினைக்காதீர்கள். சில நாட்களில் விண்டோஸே அதைத் துடைத்துவிடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, லேப்டாப் தாங்கினால் 11 போடுங்கள். விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் உரிமம் பெரும்பாலும் போர்டிலேயே இருக்கிறது, அதற்குப் புதிதாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

புது விண்டோஸில் முதலில் எழுத்துருக்கள், பிறகு தட்டச்சு மென்பொருள், பிறகு டேலி, எல்லாவற்றுக்கும் பிறகு கோப்புகள். பழைய ஆப்டேட்டாவை மொத்தமாக மேலே கொட்டாதீர்கள், வேண்டியதை மட்டும் எடுத்துப் போடுங்கள். பிட்லாக்கர் மறுபடி பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, புதுச் சாவியைத் தாளில் எழுதுங்கள். மீட்பு டிஸ்க்கை ஒரு மாதம் தொட வேண்டாம். எதை மறந்தோம் என்பது அந்த ஒரு மாதத்தில்தான் தெரியும்.

ரைட்டர் மேசையில் கிடந்த பிளாஸ்டரைக் கிழித்து டிஸ்க்கின் மேல் ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் தேதி எழுதினார். அடியில் 'செக்ரோல், 6 வருஷம்' என்று எழுதிக் கோடு போட்டார். எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். கூலிப் பணம் வைக்கிற இரும்புப் பெட்டியில் என்றார்.